அத்தியாயம் 6: வால் நறுக்கும் வேலை

ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்று பெயர். போர்த்துக்கேயர் அந்தத் துறையை 'யானைத்துறை' என்ற பொருள்பட மூன்று சொல்லில் அழைத்தார்கள் என்றும், அதில் முதற்சொல் மட்டும் தேய்ந்து கயிற்ஸ் ஆனது என்றும் சொல்வார்கள். அங்கிருந்து கப்பலேறிப் போன யானைகள் பெயரிலிருந்தும் போய்விட்டன. துறை மட்டும் மிஞ்சியது. அது நாக்கு செய்த வேலை. அதற்குப் பல தலைமுறை பிடித்தது, பிழையும் வரவில்லை. கணினியிடம் கொடுத்தால் ஒரு நொடியில் முடித்துவிடும். பிழை வருவதும் அதனால்தான்.

பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒட்டிக்கிடக்கும் வேண்டாத எழுத்துகளை எடுப்பதுதான் இந்த அத்தியாயம். பாடசாலைப் புத்தகம் இந்தப் பட்டியலை அணி என்கிறது, அதற்குள் இருக்கும் சொல்லைச் சரம் என்கிறது. எக்செல்லில் ஒரு நிரல், பைதனில் ஒரு பட்டியல். எதுவானாலும் வேலை ஒன்றுதான். கட்டளைகளின் பெயரை, முதல் அத்தியாயத்தில் சொன்னபடி, ஒலிக்கிறமாதிரியே தமிழில் தருகிறேன்.

ஒரு நினைவு மலருக்காக உறுப்பினர் விவரம் திரட்டினேன். ஊர் நிரல் இப்படி வந்து சேர்ந்தது. வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை நடுப்புள்ளியால் காட்டுகிறேன்:

நெடுந்தீவு,
நயினாதீவு··
புங்குடுதீவு.
காரைநகர்இ
வேலணை,·
அல்லைப்பிட்டி
மண்கும்பான்·

ஆறு பேர் அனுப்பிய ஆறு கோப்பை ஒட்டினால் இப்படித்தான் இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஊர்வாரியாக எண்ணச் சொன்னால் 'நயினாதீவு' ஓர் ஊர், கடைசியில் இரண்டு வெற்றிடம் உள்ள 'நயினாதீவு' இன்னோர் ஊர். கணினிக்கு இரண்டும் வேறு. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிற படகுக்கு ஒன்று.

வெட்டமுதல் நுனியைப் பாருங்கள்

எல்லாரும் நேரே கத்தியை எடுப்பார்கள். நான் முதலில் நுனிக்கணக்கு எடுப்பேன். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் என்ன, அது எத்தனை தடவை வருகிறது என்று ஒரு சின்ன அட்டவணை. எக்செல்லில் பக்கத்து நிரலில் ரைட் என்ற சார்பால் கடைசி ஒரு குறியை எடுத்து, அதை யூனிகோட் என்ற சார்புக்குள் போடுங்கள். அந்தக் குறியின் எண் வரும். அந்தச் சார்பு எக்செல் 2013 முதல் இருக்கிறது. பைதனில் ஆர்ட் என்ற சார்பு இதையே செய்யும்.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. 'நயினாதீவு' என்பதன் கடைசிக் குறி உகரக் கொம்பு, 3009. 'காரைநகர்' புள்ளியில் முடிகிறது, 3021. 'வேலணை' ஐகாரக் கொம்பில், 3016. 'அல்லைப்பிட்டி' இகரக் கொம்பில், 3007. இந்த எல்லைக்குள் எண் வந்தால் கை வைக்காதீர்கள். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன். 32 வந்தால் சாதாரண வெற்றிடம். 44 கால்புள்ளி, 46 முற்றுப்புள்ளி. 13 வந்தால் விண்டோஸ் கோப்பின் வரிமுடிவில் பாதி மிஞ்சியிருக்கிறது. 160 வந்தால் வலைப்பக்கத்திலோ வேர்டிலோ இருந்து நகலெடுத்த 'உடையாத வெற்றிடம்'. 8203, 8204, 8205 ஆகியவை அகலமே இல்லாத குறிகள். திரையில் எதுவும் தெரியாது, சுட்டியைத் தள்ளினால் ஓரிடத்தில் இரண்டு முறை அழுத்தவேண்டியிருக்கும், அதுதான் அடையாளம்.

41 வந்தால் அடைப்புக்குறி. 'நெடுந்தீவு (கிழக்கு)' மாதிரி இருக்கலாம், விட்டுவிடுங்கள். 48 முதல் 57 வரை இலக்கங்கள். அவற்றுக்குத் தனிக் கதை இருக்கிறது.

ஐந்நூறு வரிப் பட்டியலிலும் இந்த அட்டவணை பத்துப் பன்னிரண்டு வரிக்குமேல் வராது. அதைப் பார்த்த பிறகு எதை வெட்டுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எண்ணிக்கையால் வெட்டாதீர்கள்

பட்டியலில் எல்லாச் சொல்லின் கடைசியிலும் கால்புள்ளி இருக்கிறது, ஒன்றைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். எக்செல்லில் லென் கொடுத்த நீளத்தில் ஒன்றைக் கழித்து லெஃப்ட் கொண்டு எடுப்பது அந்த வழி. பட்டியலின் கடைசி உருப்படிக்குக் கால்புள்ளி இருக்காது என்பதை அந்த வழி நினைப்பதில்லை. கடைசியில் நிற்பது நெடுந்தீவு என்றால் 'நெடுந்தீவ' என்று திரும்பி வரும்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்தால் கண்ணில் குத்தும். தமிழில் குறைவது பெரும்பாலும் எழுத்தல்ல, கொம்போ புள்ளியோதான். காரைநகர் 'காரைநகர' ஆகும், மண்கும்பான் 'மண்கும்பான' ஆகும், கரம்பன் 'கரம்பன' ஆகும். வேகமாக வாசிக்கிற கண் தாண்டிப் போய்விடும். அச்சுக்குப் போன பிறகு அந்த ஊரவர் ஒருவர் கண்டுபிடிப்பார்.

காரணம் எளிது. நாம் 'நெடுந்தீவு' என்பதை நெ, டு, ந், தீ, வு என்று ஐந்து எழுத்தாக எண்ணுகிறோம். கணினி மெய்யையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே வைத்திருக்கிறது. அதன் கணக்கில் பத்து. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக முப்பது. ஐந்து, பத்து, முப்பது மூன்றும் சரியான நீளங்கள்தான். எந்தக் கத்தி எந்த அளவுகோலைப் பிடிக்கிறது என்று தெரியாமல் வெட்டினால்தான் வில்லங்கம். 'ஊர்காவற்றுறை' பன்னிரண்டு குறி, முப்பத்தாறு பைட். பழைய தரவுத்தளம் ஒன்றில் ஊருக்கு இருபது பைட் ஒதுக்கியிருந்தால் 'ஊர்காவ' வரை பதினெட்டு பைட் போய், அடுத்த குறியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஏறும். திரையில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அந்த வைரத்தைக் கண்டால் நுனியைத் துடைத்துப் பயனில்லை. மூலக் கோப்புக்குப் போங்கள்.

உண்மையிலேயே கடைசித் தமிழ் எழுத்தை எடுக்கவேண்டிய தேவை வந்தால், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிற கருவியைப் பயன்படுத்துங்கள். பைதனில் ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பில் கெட் லெட்டர்ஸ் என்று ஒரு சார்பு இருக்கிறது. 'தீவு' என்று கொடுத்தால் தீ, வு என்று இரண்டாகத் தரும். பிரிக்கமுதல் சொல்லை யூனிகோட் இயல்வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 'கோ' என்பதைச் சிலர் ஒரே கொம்பாக வைத்திருப்பார்கள், சில கோப்பில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும்; பின்னதில் ஒன்றைக் குறைத்தால் 'கே' மிஞ்சும்.

பேர்ல் மொழியில் இதற்கு இரண்டு கட்டளை இருந்தன: சாப், சாம்ப். சாப் கடைசிக் குறி எதுவானாலும் வெட்டும். சாம்ப் வரிமுடிவு இருந்தால் மட்டும் எடுக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் உங்களுக்கு வேண்டியது சாம்ப்பின் குணம். மீனில் செட்டை இருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் கத்தியைக் கீழே வை.

வெற்றிடம்

எக்செல்லின் ட்ரிம் நல்ல கருவி. ஆனால் அதற்கு 32 மட்டும்தான் தெரியும். 160ஐத் தொடாது. முதலில் சப்ஸ்டிட்யூட் கொண்டு யூனிசார் 160ஐச் சாதாரண வெற்றிடமாக மாற்றி, பிறகு ட்ரிம் செய்யுங்கள். சொல்லுக்கு நடுவில் இரண்டு மூன்று வெற்றிடம் இருந்தால் அதையும் ஒன்றாக்கிவிடும். பெரும்பாலும் அது நன்மைதான்.

பைதனில் ஆர்ஸ்ட்ரிப். அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் அழைத்தால் 32, 160, 13, வரிமுடிவு எல்லாவற்றையும் வலப்பக்கத்திலிருந்து துடைக்கும். 8203 முதல் 8205 வரையான அகலமிலிகளைத் தொடாது, ஏனென்றால் அவை வெற்றிடம் என்ற வகைக்குள் வரவில்லை. அவற்றை நீங்களே பெயர் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

அகலமிலியை நுனியில் மட்டும் எடுங்கள். 'தேடி எல்லாவற்றையும் அழி' என்று சொல்லாதீர்கள். பிரதேச செயலகங்களிலிருந்து வருகிற பட்டியல்கள் மும்மொழியில் இருக்கும். சிங்களத்தில் 'சிறீ' என்று எழுதும்போது நடுவில் 8205 இருந்தால்தான் எழுத்து சேர்ந்து நிற்கும். முழுக் கோப்பிலும் அதை அழித்தால் இலங்கையின் பெயரே உடைந்துபோகும். தமிழிலும் க்-உம் ஷ-உம் ஒட்டாமல் நிற்க நடுவில் 8204 வைப்பவர்கள் இருக்கிறார்கள். நுனியில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

புதியவர்கள் விழுகிற ஒரு குழியை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆர்ஸ்ட்ரிப் பழைய சொல்லை மாற்றாது, துடைத்த புதிய சொல்லைத் தரும். பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து ஆர்ஸ்ட்ரிப் செய்துவிட்டு, விளைவைப் புதிய பட்டியலில் சேர்க்காவிட்டால் எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கும்.

பாமினியும் அரைப்புள்ளியும்

யாழ்ப்பாணத்துப் பழைய கோப்பு என்றால் பாதிக்கு மேல் பாமினி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு அது. அதில் மெய்யின்மேல் வைக்கும் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. அதாவது கோப்புக்குள் 'காரைநகர்' என்பதன் கடைசிக் குறி உண்மையில் ஒரு அரைப்புள்ளி. மாற்றமுதலே 'நுனியிலுள்ள நிறுத்தக்குறிகளை எடு' என்று கட்டளை கொடுத்தால் கரம்பன், சுருவில், புளியங்கூடல் எல்லாம் புள்ளியை இழக்கும். ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றம், அதன் பிறகுதான் நறுக்கல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மாற்றிய பிறகும் ஒரு விருந்தாளி வருவார். பாமினியில் கால்புள்ளி விசைக்கு 'இ' உட்கார்ந்திருக்கிறது. யாராவது அந்தக் கோப்பில் ஆங்கில எழுத்துருவில் உண்மையான கால்புள்ளி போட்டிருந்தால், மாற்றும் கருவி அதை 'இ' ஆக்கிவிடும். மேலே பட்டியலில் 'காரைநகர்இ' என்று நிற்பது அதுதான். மாற்றிய பழைய கட்டுரைகளில் சொல்லுக்குச் சொல் இப்படி 'இ' ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனிக்கணக்கில் 2951 வந்தால் இவர்தான்; நான் முன்பு சொன்ன விதிவிலக்கும் இதுதான். தமிழ்ச் சொல் மெய்க்குப் பிறகு தனி 'இ'யில் முடியாது, துணிந்து எடுக்கலாம். நூலகப் பட்டியலில் மட்டும் கவனம்: அங்கே 'கந்தையா, இ' என்று தலைப்பெழுத்தைப் பின்னால் வைப்பார்கள். 'இ'க்கு முன்னால் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

புங்குட எங்கே இருக்கிறது?

இப்போது என் சொந்தப் பிழை. மலரில் ஊர் நிரல் ஒடுக்கம். 'தீவு' என்ற பின்னொட்டை எடுத்துவிட்டால் நிரலுக்குள் அடங்கும் என்று நினைத்தேன். நயினாதீவு நயினா ஆகும், அனலைதீவு அனலை ஆகும். ஆர்ஸ்ட்ரிப்புக்கு 'தீவு' என்று கொடுத்தேன். நயினா வந்தது, அனலை வந்தது, எழுவை வந்தது, மண்டை வந்தது. நான்கு சரியென்றால் மிச்சமும் சரி என்று படிவத்தை அனுப்பிவிட்டேன். பிழை பார்த்தவர் புங்குடுதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி.

"தம்பி, புங்குட எண்டு ஒரு ஊர் எங்க கிடக்கு?"

"அது புங்குடுதீவு, மாஸ்டர். தீவை எடுத்தனான்."

"தீவை எடுத்தா புங்குடு எல்லோ வரவேணும்? வாலை வெட்டச் சொன்னா நீர் இடுப்பையும் சேர்த்து வெட்டிப்போட்டீர்."

நடந்தது இதுதான். ஆர்ஸ்ட்ரிப் 'தீவு' என்பதைச் சொல்லாகப் பார்ப்பதில்லை. அதிலுள்ள த, ஈகாரக் கொம்பு, வ, உகரக் கொம்பு என்ற நான்கு குறிகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்கிறது. சொல்லின் நுனியிலிருந்து உள்ளே வந்து, பையில் இருக்கிற எதைக் கண்டாலும் எடுக்கிறது. இல்லாத ஒன்றைக் காணும்போதுதான் நிற்கிறது. நயினாதீவில் நான்கையும் எடுத்ததும் எதிரில் 'னா'வின் கால் நிற்கிறது. அது பையில் இல்லை, நின்றுவிட்டது. அனலையிலும் எழுவையிலும் மண்டையிலும் ஐகாரக் கொம்பு தடுத்தது. புங்குடுதீவில் நான்கையும் எடுத்த பிறகு 'டு'வின் கொம்பு எதிரில் நின்றது. அது உகரம், பையில் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு 'ட'வில் நின்றது. புங்குட.

ஆங்கில நிரலில் இதே வேலையைச் செய்தால் இன்னும் மோசம். டீ-ஐ-வீ-யூ என்ற நான்கும் பைக்குள் போகும். அனலைதீவிலும் எழுவைதீவிலும் மண்டைதீவிலும் 'லை', 'வை', 'டை' எழுத வந்த ஐ எழுத்தும் சேர்ந்து போகும். அனல, எழுவ, மண்ட என்றுதான் மிஞ்சும். தமிழில் ஒன்று பிழைத்தால் அங்கே புங்குடுதீவோடு சேர்த்து நான்கு.

பின்னொட்டை முழுச் சொல்லாக எடுக்க ரிமூவ்சஃபிக்ஸ் என்ற கட்டளை 2020 ஒக்டோபரில் வந்த பைதன் 3.9இல் சேர்ந்தது. அந்தச் சொல் கடைசியில் அப்படியே இருந்தால் ஒருமுறை எடுக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். பழைய பதிப்பு என்றால் எண்ட்ஸ்வித் கொண்டு கடைசி 'தீவு'தானா என்று கேட்டுவிட்டு நான்கு குறியைக் குறையுங்கள்.

இலக்கங்களிலும் இதே பை வேலை செய்யும். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் 'ஜே' போட்டு ஓர் எண் உண்டு. நெடுந்தீவுக்கு ஜே/1 முதல் ஜே/6 வரை. அந்த எண் நிரலில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலே பைதனின் பாண்டாஸ் தொகுப்பு முழு நிரலையும் தசமமாக்கி, 34ஐ 34.0 என்று வாசித்துவிடும். பிறகு அதைச் சொல்லாக்கி, வாலிலுள்ள புள்ளி-சுழியை எடுக்க ஆர்ஸ்ட்ரிப்புக்குப் புள்ளியும் சுழியும் கொடுப்பார்கள். 34.0 என்பது 34 ஆகும், நல்லது. 10.0 என்பது 1 ஆகும். 20.0 என்பது 2. 30, 40, 50, 60 ஆகிய பிரிவுகளும் 3, 4, 5, 6 ஆகிவிடும். அந்தப் பிரிவுகளின் சனம் வள்ளமில்லாமலே நெடுந்தீவில் இறங்கிவிடும். எண்ணாக இருக்கவேண்டியதை நறுக்காதீர்கள். முழு எண்ணாக மாற்றுங்கள்.

புணர்ச்சி

ரிமூவ்சஃபிக்ஸ் வந்தும் எனக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. நெடுந்தீவில் 'தீவு' எடுத்தால் 'நெடுந்' மிஞ்சுகிறது. அல்லைப்பிட்டியில் 'பிட்டி' எடுத்தால் 'அல்லைப்'. இரண்டு சொல்லையும் ஒட்ட வந்த மெய், ஒட்டியது போன பிறகும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஊர்காவற்றுறையில் 'துறை'யைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது: காவல் என்பதன் லகரமும் துறையின் தகரமும் சேர்ந்து இரண்டும் றகரமாகிவிட்டன. சிலர் 'ஊர்காவல்துறை' என்று பிரித்தும் எழுதுகிறார்கள், அதில் கிடைக்கும். ஒரே ஊர், ஒரு வடிவத்தில் வெட்டுப்படும், மற்றதில் தப்பும். இதற்கு விதி எழுதப் போனால் நன்னூலையே நிரலாக்கவேண்டிவரும்.

ஆகவே குறுக்கப் பெயர் தேவைப்பட்டால் நறுக்கி உண்டாக்காதீர்கள். இரண்டு நிரலில் ஓர் அட்டவணை வையுங்கள்: இடப்பக்கம் முழுப்பெயர், வலப்பக்கம் குறுக்கம். எக்செல்லில் விலுக்கப், பைதனில் டிக்‌ஷனரி. தீவகத்தில் முப்பது நாற்பது ஊர்ப்பெயர், ஒரு பின்னேரத்தில் எழுதிவிடலாம். ஊரவர் சொல்லும் குறுக்கம் கணினி வெட்டுகிற இடத்தில் வெட்டுவதுமில்லை. நயினாதீவை யாரும் நயினா என்பதில்லை, நயினை என்பார்கள். காரைநகர் காரை.

நறுக்கி முடிந்ததும் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளை மட்டும் வடிகட்டி, கண்ணால் வாசியுங்கள். ஒரே மாதிரி மாறியவற்றை ஒன்றாக்கினால் சில பத்து வரிதான் இருக்கும். மீண்டும் ஒருமுறை நுனிக்கணக்கு எடுங்கள். 2944க்கும் 3071க்கும் வெளியே எதுவும் மிஞ்சியிருந்தால் அது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

குறுக்க அட்டவணையை மாஸ்டரிடமே கொடுத்தேன். மறுநாள் பென்சிலால் நிரப்பிக் கொண்டுவந்தார்: நயினை, அனலை, எழுவை, காரை, புங்கை. நெடுந்தீவுக்கு எதிரே மட்டும் முழுப்பெயரையே திருப்பி எழுதியிருந்தார்.

"இதுக்குக் குறுக்கம் இல்லையோ, மாஸ்டர்?"

"அவ்வளவு தூரம் கடலில போற சனம். பேரையும் குறைக்கப் போறீரோ?"

ஊர் நிரலின் அகலத்தை அரைச் சென்ரிமீற்றர் கூட்டினேன்.